சனிக்கிழமை அறையிலிருந்து மாதாவைத் தூக்கிச் சென்றவர்

செவ்வாய்க்கிழமை காலை பலெர்மோவுக்கு வெளியே சியாகுல்லித் தோட்டத்தில் ஏணியில் நின்று மண்டரின் தோடம்பழம் பறித்துக்கொண்டிருந்தேன். எங்கள் தமிழ் வகுப்புக் குழுவின் தலைவர் அன்ரன் தொலைபேசியில் வந்தார். "பிலோமினா அக்கா எங்களை விட்டுப் போட்டா. நித்திரையிலையே போட்டா," என்றார். நான் இறங்கவில்லை. கை தன்பாட்டில் பழத்தை வெட்டிக்கொண்டே இருந்தது. பிறகு எந்தக் கூடையை எங்கே வைத்தேன் என்று தெரியாமல் தோட்டம் முழுக்க அலைந்தேன். அந்த அலைச்சல் இதை எழுதும் நேரம்வரை நிற்கவில்லை. இருந்தால் எழும்பச் சொல்கிறது, எழும்பினால் இருக்கச் சொல்கிறது.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பிலோமினா அக்கா மன்னாரைச் சேர்ந்தவர். பலெர்மோவுக்கு வந்த நாள்தொட்டு கால்சாப் பகுதியில் ஒரு முதிய சிஞ்ஞோராவின், அதாவது இத்தாலிய அம்மாவின், வீட்டில் வேலை செய்தார். கலியாணம் செய்யவில்லை. செபமாலை சொல்லாமல் படுக்கமாட்டார். பூசைக்குப் பிந்தி வருகிறவர்களைத் திரும்பி ஒரு பார்வை பார்ப்பார், வந்தவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கவேண்டும். பங்கில் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் படிப்பித்தவரும் அவரே. இதை மனதில் வைத்துக்கொண்டு மிச்சத்தை வாசியுங்கள். ஏனென்றால் அவருக்குப் பக்தி குறைவு என்று சொன்ன வாய்களும் எங்களுக்குள் இருந்தன.

கால்சாவில் கொமூனே, அதாவது நகரசபை, சனிக்கிழமை பின்னேரங்களில் தமிழ் படிப்பிக்க எங்களுக்கு ஓர் அறை தந்தது. கதவில் நகரசபையின் கழுகுச் சின்னம் இருக்கும். குந்த இடம் தந்தால் படுக்கப் பாய் கேட்கிற சனம் நாங்கள். இரண்டாம் மாதமே யன்னலோரத்தில் மடு மாதாவின் சுரூபம் ஏறிவிட்டது. கொண்டுவந்து வைத்தவர் வேறு யாருமில்லை, பிலோமினா அக்காதான். ஊரிலிருந்து சீலையில் சுற்றிப் பெட்டிக்குள் கொண்டுவந்த சுரூபம் அது. செபமாலையில் ஒரு பத்து, மாதா பாட்டு ஒன்று, அதற்குப் பிறகுதான் அ, ஆ என்று ஆனது.

பெரியவர்களுக்கான வகுப்பில் தேவி என்றொருவர் சேர்ந்தார். மொரிஷியஸில் பிறந்தவர், வீட்டு வேலை செய்பவர், சைவர். பாட்டன் பூட்டன் தமிழர், ஆனால் வீட்டில் பேசுவது கிரியோல். தமிழ் எழுத்தை எப்படியும் படித்துவிடவேண்டும் என்று வந்தவர், ஒவ்வொரு கிழமையும் பிந்தி வந்தார். வகுப்பின் செயலாளர் நான், சும்மா இருப்பேனா? நேரத்துக்கு வரவேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னேன். தலையாட்டினார், அடுத்த கிழமையும் பிந்தினார்.

ஒரு சனிக்கிழமை சிஞ்ஞோராவுக்குச் சுகமில்லாமல் அக்காவே பிந்திவிட்டார். ஓடிவந்தவர், கீழ்ப்படியில் கொப்பியை மடியில் வைத்துக்கொண்டு தேவி இருப்பதைக் கண்டார். எல்லோருக்கும் முதல் வந்து, எல்லோரும் மேலே போகும்வரை தெருமுனையில் நின்று, பிறகு படியில் வந்து இருப்பதுதான் தேவியின் வழக்கமாம். அக்காவைக் கண்டதும் எழும்பி, "செபம் முடிஞ்சுதா?" என்று கேட்டாராம். அவர் பிழையில்லாமல் பேசப் பழகிய முதல் தமிழ் அதுதான் என்று அக்கா பிறகு எங்களுக்குச் சொன்னார்.

அன்றைக்கே வகுப்பு முடிந்தபின் குழுவைக் கூட்டினார். செபத்தையும் சுரூபத்தையும் பக்கத்துத் தெருக் கோயிலுக்குக் கொண்டுபோவோம், விரும்பினவர்கள் அங்கே செபித்துவிட்டு வரட்டும் என்றார். அன்ரனுக்குக் கோபம் வந்துவிட்டது. இது கிறிஸ்தவ நாடு, இங்கே பள்ளிக்கூடங்களிலேயே சிலுவை தொங்குகிறது, ஊரில்தான் ஒதுங்கி வாழ்ந்தோம், இங்கேயாவது தலைநிமிர்ந்து கும்பிடக்கூடாதா என்று கேட்டார். நானும் அன்ரனின் பக்கம்தான் நின்றேன். அரசு வேறு, திருச்சபை வேறு என்று இந்த நாட்டுச் சட்டமே சொல்கிறது என்று ஒருவர் மெல்ல இழுத்தார், ஒருவரும் காது கொடுக்கவில்லை.

அக்கா என்னைப் பார்த்துத்தான் சொன்னார்:

"தம்பி, ஊரிலை ஒரு அரசாங்கக் கந்தோர் வாசல்லை புத்தர் சிலை இருந்தது. கும்பிடு எண்டு ஒருத்தரும் எனக்குச் சொல்லேல்லை. ஆனால் அந்த வரிசையிலை கும்பிடாமல் நிண்டவள் நான் ஒருத்திதான். அண்டையிலிருந்து அந்தக் கந்தோருக்குப் போகக் கால் கூசும். இப்ப அந்தக் கூச்சத்தை நாங்கள் தேவிக்குக் குடுக்கிறம். மாதாவுக்குக் கோயில் இருக்கு. அந்தப் பிள்ளைக்கு இந்தப் படி மட்டும்தானே இருக்கு?"

சம்மதம் வரும்வரை அவர் காத்திருக்கவில்லை. அக்கா கதிரையில் ஏறிச் சுரூபத்தை இறக்கினார். தன் சால்வையில் சுற்றி, கைக்குழந்தையைத் தூக்குவதுபோல மார்போடு அணைத்துக்கொண்டு, ஸ்தாசியோனே சென்ட்ராலே என்ற பெரிய ரயில் நிலையத்தின் பக்கம் இருந்த தன் அறைவரைக்கும் நடந்தே போனார்.

அதற்குப் பிறகு நடந்ததை எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் எழுதத்தான் வேண்டும். மாதாவை வெளியே போட்டவள் என்று பேர் வைத்தார்கள். கோயில் திருநாளுக்கு அங்குள்ள மாதாவுக்கு உடுப்புத் தைத்து, முடி சூட்ட எடுத்துக் கொடுப்பது வருடாவருடம் அக்காவின் வேலை. அந்த வருடம் அவரைக் கூப்பிடவில்லை. அதன் பிறகும் கூப்பிடவில்லை. அவர் கடைசி வாங்கிலில் இருந்து பாடிவிட்டுப் போனார். மனவருத்தம் இல்லையா என்று ஒருமுறை கேட்டேன். "ஏன் இல்லாமல்? இரவிலை அழுறன்தான். ஆனால் மாதா என்னோடை கோவிக்கேல்லை, தம்பி. நீங்கள்தான் கோவிச்சனீங்கள்," என்றார்.

தேவி அதற்குப் பிறகு ஒருநாளும் பிந்தவில்லை.

இந்தச் செவ்வாய் இரவு குழு கூடியது. அன்ரன் அக்காவின் அறையிலிருந்து சுரூபத்தை எடுத்து வந்திருந்தார். அழுதழுது கண் சிவந்திருந்தது. அக்காவின் ஞாபகமாக மாதாவைத் திரும்ப யன்னலில் வைப்போம், கீழே அக்காவின் படம், முன்னால் ஒரு விளக்கு என்றார். எல்லோரும் உருகிப்போய்த் தலையாட்டினார்கள். சனிக்கிழமைக்கு முன் ஒழுங்கு செய்யும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. அக்கா சொன்னது முழுவதும் சரி என்று நான் இன்றைக்கும் ஒப்பவில்லை. அந்த யன்னலில் மாதா இருந்த காலம் எனக்குப் பிடித்த காலம்தான். ஆனால் உயிரோடு இருந்தபோது அவர் இவ்வளவு ஏச்சுப் பட்டு இறக்கிய ஒன்றை, அவர் வாய் மூடியபிறகு அவர் பேராலேயே ஏற்றுவதா? இரண்டு நாளும் இதே கேள்வி.

இன்று அடக்கம். பூ வைக்கவென்று கோயிலுக்கு முன்கூட்டியே போனேன். நானே முதல் ஆள் என்று நினைத்துக்கொண்டு கதவைத் தள்ளினால், முன் வாங்கிலில் தேவி இருந்தார். வெள்ளைச் சேலை, நெற்றியில் திருநீறு. ஏன் இவ்வளவு நேரத்தோடு வந்தீர்கள் என்று கேட்டேன்.

"இண்டைக்கு நான் செபத்துக்குத்தான் வந்தன், அண்ணா," என்றார்.

வாசலுக்கு ஓடினேன். அன்ரன் சுரூபத்தோடு வந்துகொண்டிருந்தார். கையை நீட்டினேன். அறைக்கு வேண்டாம், இது கோயிலில் இருக்கட்டும் என்றேன். சுரூபத்தை இன்னொருமுறை இறுக அணைத்துவிட்டுத் தந்தார். சவப்பெட்டியின் தலைமாட்டில் மாதாவை வைத்தேன். அன்ரனே வந்து மெழுகுதிரி கொளுத்தினார். மாதா இனி அங்கேதான்.

நாளைக்குச் சனிக்கிழமை. கழுகுச் சின்னம் போட்ட கதவை நான்தான் திறக்கவேண்டும். யன்னலோரம் நீங்கள் விட்டபடியே வெறுமையாக இருக்கும், அக்கா. அதைப் பார்க்க எனக்குத் துக்கமாகத்தான் இருக்கும். போய்வாருங்கள். படியில் ஒருவரும் காத்திருக்கவில்லை.