முப்பத்தெட்டும் முந்நூற்றைம்பத்தேழும்

மோர்டென்ஸ்ருட் வீட்டை விற்றுவிட்டுச் சின்ன வீடொன்றுக்கு மாறப் போகிறேன். போன சனிக்கிழமை, நிலவறையில் கிடந்த தோட்டா நிரப்பும் கருவியை வாங்க ஒரு பெண் வந்தாள். இங்கே பிறந்த எங்கள் ஆட்களின் பிள்ளை, தாதி வேலை, சுடும் கழகத்தில் புதிதாகச் சேர்ந்தவள். பித்தளைக் கோதுகள் கிடந்த பேணியைத் திறந்ததும் எண்ணெயும் கரியும் கலந்த பழைய மணம் எழுந்தது. பக்கத்தில் இருந்த பெட்டியிலிருந்து அவள் ஒரு குண்டை எடுத்து அளந்து பார்த்தாள்.

"அங்கிள், அளந்தால் முன்னூத்தம்பத்தேழு. பெட்டியிலை முப்பத்தெட்டு. ஆர் பொய் சொல்லுறது?"

"பெட்டிதான், பிள்ளை."

இரண்டுமே அங்குலக் கணக்கு, முன்னால் ஒரு புள்ளி உண்டு: 0.38, 0.357. ஒருகாலத்தில் குண்டும் கோதும் ஒரே பருமன். முப்பத்தெட்டு என்பது அப்போது வைத்த பெயர். பிறகு குண்டு கோதுக்குள் இறங்கி மெலிந்தது. பெயர் மெலியவில்லை. முந்நூற்றைம்பத்தேழு என்று பிறகு வந்த தோட்டாவுக்கும் அதே குண்டுதான், கோதுதான் சற்று நீளம். ஒன்பது மில்லிமீட்டரைப் பற்றித் தொடங்கினால் இன்னும் மோசம்: ஒரே தோட்டாவுக்குப் பல பெயர்கள், ஒன்றுக்கொன்று பொருந்தாத தோட்டாக்களுக்கு ஒரே ஒன்பது.

"அப்ப கட்டை முப்பத்தெட்டு மற்றத் துவக்குக்குள்ளை போகும், இக்கே சந்த்?" அப்படித்தானே என்பதை மட்டும் இந்த நாட்டுப் பாஷையில் கேட்டாள்.

"ஓம். மறுவளமாப் போகாது."

அவள் கருவியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். நான் பேணிக்குப் பக்கத்தில் இருந்துவிட்டேன்.

இந்தப் பொழுதுபோக்கை அந்தக் காலத்தில் நான் எங்கள் ஆட்களுக்குச் சொன்னதே இல்லை. துவக்குக்குப் பயந்து ஓடிவந்தேன் என்று சொல்லி இந்த நாட்டில் இடம் கேட்டவன், சனிக்கிழமைகளில் காசு கட்டித் துவக்குச் சுடுகிறான் என்றால் என்ன சொல்வார்கள்? பூப்பந்து விளையாடப் போவதாகச் சொல்லி, பையில் ஒரு மட்டையும் கொண்டு திரிந்தேன். "அத்தான் எவ்வளவு விளையாடியும் வண்டி குறையேல்லை" என்று என் வயிற்றைக் காட்டுவாள் மச்சாள்.

கிழமை நாட்களில் அகதி விசாரணைகளில் மொழிபெயர்த்தேன். ஒரு நாள் மட்டக்களப்பிலிருந்து வந்த ஒருவர். வங்கிக் காவலாளி. அவருடைய ரிவோல்வரை ஆயுதக்காரர் பறித்திருந்தார்கள். நீயாகவே கொடுத்தாய் என்று படையினர் தேடினார்கள். அவர் காவலாளி என்பதை இங்கே நம்பினால்தான் மற்றதையும் நம்புவார்கள். முதல் விசாரணையில் ரிவோல்வர் முந்நூற்றைம்பத்தேழு என்றிருந்தார். அன்று, இரண்டாவது விசாரணையில், அதற்குள் முப்பத்தெட்டுத் தோட்டா போட்டோம் என்றார். அதிகாரி பேனையை வைத்துவிட்டு, பெரிய தோட்டா சின்னத் துவக்குக்குள் எப்படிப் போகும் என்று கேட்டார். அதை அவரிடம் தமிழில் கேட்டேன்.

"போகும். ஒவ்வொரு நாளும் நான்தானே போட்டுக் கழட்டின."

"எப்படி?"

"அது தெரியா. ஆனா போகும்."

எனக்குத் தெரியும். முந்தின சனிக்கிழமைதான் அதே தோட்டாவை அதே மாதிரித் துவக்கில் போட்டுச் சுட்டிருந்தேன். மொழிபெயர்ப்பாளர் சொந்தக் கதை சேர்க்கக் கூடாது என்பது விதி. ஆனால் ஒரு சொல் பிழையாக விளங்கப்படுகிறது என்று கண்டால் அனுமதி கேட்டுச் சொல்லலாம், அதுவும் விதிதான். சொன்னால், உங்களுக்கு எப்படித் தெரியும் என்று அதிகாரி கேட்பார், அந்த மனிதரும் கேட்டுக்கொண்டிருப்பார், கதை ஊருக்குள் போகும். அதற்காகத்தான் வாயை மூடினேன்.

வெளியே வந்ததும் கேட்டார்: "அண்ணன், நான் சொன்னது அவருக்கு விளங்கினதா?"

"விளங்கினது" என்றேன்.

சில மாதங்களுக்குப் பிறகு ரொம்சோஸ் பகுதியில் கடைகளுக்கு முன்னால் தொலைபேசிக் கூண்டிலிருந்து அவர் வெளியே வந்தார், என்னைக் கண்டு சிரித்தார்.

"மறுத்துட்டாங்க அண்ணன். துவக்கப் பத்தி மாத்திச் சொன்னனாம். மேன்முறையீடு கிடக்கு எண்டு லோயர் சொல்றார்."

அந்தத் தோட்டா அந்தத் துவக்குக்குள் போகும் என்று அப்போதும் ஒரு கடிதம் போதும். கழகத்தில் யாரைக் கேட்டாலும் எழுதித் தந்திருப்பார்கள்.

"கடவுள் இருக்கிறார்" என்றேன்.

"உங்களில பிழையில்ல. எனக்கு அவங்கட பாசை தெரியா, உங்கட முகம் தெரியும்தானே. நீங்க நேர்மையான ஆள்."

அதன் பிறகு அவரைக் காணவில்லை. திருப்பி அனுப்பினார்களா, வேறு நாட்டுக்குப் போனாரா, நான் விசாரிக்கவில்லை. அந்தக் கூண்டை எப்போதோ கழற்றிவிட்டார்கள். விசாரணையில் கேட்ட பெயர்களை வெளியே சொல்வதில்லை என்று கையெழுத்திட்டவன் நான். அதைக் காப்பாற்ற இனி ஒரு சிரமமும் இல்லை. அவருடைய பெயர் எனக்கு மறந்துபோய்விட்டது.