அக்குளில் ஒரு கறுப்புப் பொருக்கு

ஜீப்பில் ஏறக் காலைத் தூக்கிய என் மனைவி ஈஸ்வரி, தூக்கிய காலை மறுபடியும் தரையில் வைத்தாள். அதுதான் முதல் அறிகுறி. போடியிலிருந்து ஏலத்தோட்டத்துக்கு ஆட்களை ஏற்றிப்போகும் ஜீப்பு அது, ஓட்டுவது நான். அவளும் அதில்தான் காய் எடுக்க வருவாள்.

"மேலு காந்துது. மாத்திரை போட்டிருக்கேன். வண்டிய எடுங்க," என்றாள். எடுத்தேன்.

நான்கு நாள் அந்தக் காய்ச்சலோடே மலையேறினாள். ஐந்தாம் நாள் போடிமெட்டு வளைவில் வாந்தி எடுத்துச் சரிந்தாள். ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தேன். அங்கே மூன்று நாள். காலையும் மாலையும் ரத்தம் எடுத்தார்கள். நெஞ்சுப் படம், ஸ்கேன், மறுபடியும் நெஞ்சுப் படம். அவள் தோடு அடகுக்குப் போனது. காய்ச்சல் இறங்கவில்லை. மூச்சு வாங்க ஆரம்பித்ததும், பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லி ஒரு பை நிறையக் காகிதங்களைக் கொடுத்தார்கள்.

அரசு மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு பெண் மருத்துவர் இருந்தார். பையை வாங்கி ஓரமாக வைத்தார். ஈஸ்வரியின் கைகளைத் தூக்கிப் பார்த்தார். இடது அக்குளில், சிகரெட்டால் சுட்டது போல ஒரு கறுப்புப் பொருக்கு. பதினெட்டு வருடம் கூடவே வாழ்ந்த நானும் அதைப் பார்க்கவில்லை.

"உண்ணிக்காய்ச்சல்ணே," என்றார். (புதரில் இருக்கும், கண்ணுக்குச் சட்டென்று தெரியாத சிறு பூச்சி கடித்து வருவது.) "மருந்து இங்கயே இருக்கு. வெல கம்மியான மருந்துதான். ஆனா லேட்டாயிருச்சு. நுரையீரல், கிட்னி ரெண்டும் அடி வாங்கியிருக்கு."

அன்றே வென்டிலேட்டர் (மூச்சுவிட வைக்கும் இயந்திரம்) வைத்தார்கள். அதன் பிறகு அவள் குரலை நான் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் ராசிங்காபுரத்திலிருந்து அவள் தம்பி கருப்பசாமி வந்தான். வராந்தாவில் என்னைப் பிடித்துக்கொண்டான்.

"அங்க தெனம் ரெண்டு தடவ ரத்தம் எடுத்தாக. இங்க நேத்துப் படமே எடுக்கலயாம்ல? இல்லாதவகன்னு சும்மா போட்டு வச்சிருக்காக மச்சான்."

எனக்குள்ளும் அந்த நினைப்பு இருந்தது. அவனைக் கூட்டிக்கொண்டு போய் மருத்துவரிடமே கேட்டேன்.

அவர் கோபப்படவில்லை. பழைய பையிலிருந்த காகிதங்களை மேசையில் விரித்தார். "இதுல எதப் பாத்து எந்த மருந்த மாத்துனாங்க? ஒண்ணும் மாத்தல. ஒரு டெஸ்ட்டு எழுதுறதுக்கு முன்னாடி, இதுல என்ன வந்தா நான் என்ன மாத்துவேன்னு யோசிப்பேன். ஒண்ணும் மாறாதுன்னா எழுத மாட்டேன். அவங்களுக்கு ஏற்கனவே ரத்தம் கம்மி. ஆனா வேணுங்கறத விட மாட்டேன்ணே. இன்னைக்கு டயாலிசிஸ் (இயந்திரத்தால் ரத்தத்தைச் சுத்தம் செய்வது) ஆரம்பிக்கிறோம்."

ஐந்தாம் நாள் ரத்த அழுத்தம் விழுந்தது. கருப்பசாமி, வயலை விற்றாவது மதுரையில் பெரிய இடத்துக்குக் கொண்டுபோகலாம் என்றான்.

"அங்கயும் இதே மெஷினு, இதே மருந்துதான்," என்றார் மருத்துவர். "வழியில தாங்க மாட்டாங்க. போறோம்னா தடுக்கல, லெட்டர் தர்றேன். உங்க எடத்துல நான் இருந்தா பக்கத்துல உக்காந்திருப்பேன்."

"நீங்க சொல்லுங்க மச்சான்," என்றான் அவன். "இங்கயே இருக்கட்டும் மாப்ளே," என்றேன்.

மருத்துவர் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போடச் சொன்னார். அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். விரல்களில் ஏலக்காய்க் கறை இன்னும் போகாமல் இருந்தது. மறுநாள் மதியம் அவள் போய்விட்டாள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் கிளம்பும்போது கருப்பசாமி என்னிடம் வந்தான். "வயலு இருக்கு மச்சான். அக்கா இல்லையே," என்றான். பிறகு வீட்டுப் பக்கம் வரவில்லை. நான் செய்தது சரி என்று அறிவு சொல்கிறது. சில நாள் அதை நம்புகிறேன்.

இதைப் படிக்கிறவர் யாராவது இப்போது ஒரு தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவுக்கு வெளியே நிற்கலாம். உடம்பு முழுவதையும் பார்க்கச் சொல்லுங்கள். இந்தச் சோதனை எதற்கு என்று கேளுங்கள். அப்படிக் கேட்பது கஞ்சத்தனம் இல்லை. குறைவாகச் செய்கிற மருத்துவர் கைவிட்டுவிட்டார் என்று நினைப்பு வரும். வந்தால் அதையும் வாய்விட்டுக் கேட்டுவிடுங்கள். நான் கேட்டதால்தான் இந்த அளவுக்காவது இருக்கிறேன்.

எட்டு மாதமாகிறது. அந்த ஸ்டூலில் உட்கார்ந்து, வென்டிலேட்டரின் சத்தத்துக்கு ஏற்றபடி நானும் மூச்சுவிட்டுப் பழகியிருந்தேன். அது இன்னும் உடம்பைவிட்டுப் போகவில்லை. ஏற்றத்தில் கியர் மாற்றும்போது சில சமயம் மூச்சு அப்படியே நின்றுவிடுகிறது. "அண்ணே, வண்டி நின்னுருச்சு," என்று பின்னாலிருந்து யாராவது சொல்லும்போதுதான் மூச்சை விடுகிறேன். எவ்வளவு நேரமாக நின்றுகொண்டிருக்கிறோம் என்று எனக்குத் தெரிவதில்லை.