எழுதியபடியே சமைத்தவள்

சமையல் புத்தகம் போடும் பதிப்பகம் ஒன்றில் அவளுக்கு ஒரு விசித்திரமான வேலை. புத்தகம் அச்சுக்குப் போவதற்கு முன், அதிலுள்ள ஒவ்வொரு பண்டத்தையும் தன் வீட்டு அடுப்பில் எழுதியபடியே சமைத்துப் பார்த்து, தேறுமா தேறாதா என்று சொல்ல வேண்டும். எழுதியபடியே என்றால் எழுதியபடியேதான். சொந்தப் புத்தியைக் காட்டக் கூடாது. ஒருமுறை ஓர் எழுத்தாளர் வெங்காயத்தை உரிக்கச் சொல்ல மறந்துவிட்டார். இவள் தோலோடு தூக்கிப் போட்டாள். "வெங்காயம் வெந்தது. தோலும் வெந்தது. தின்பது யார்?" என்று ஓரத்தில் குறித்து அனுப்பினாள். பதிப்பகமே சிரித்தது, அந்த எழுத்தாளர் மட்டும் சிரிக்கவில்லை.

பனி கொட்டும் ஊர், மணல் பறக்கும் ஊர், மீனை விட்டால் வேறு கதியில்லாத தீவு என்று எங்கெங்கோ இருக்கிற வீடுகளின் சாப்பாடெல்லாம் அவளுடைய சின்னச் சமையலறைக்கு வந்து போயின. அவள் கடல் தாண்டியதில்லை. ஆனாலும் எந்த தேசத்து மாமியார் எதற்கு முகத்தைச் சுளிப்பாள் என்று சொல்லிவிடுவாள்.

இவ்வளவு இருந்தும் பாருங்கள், கட்டிய புருஷன் வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தையைப் பிடுங்க அவளால் முடியவில்லை. அவர் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். எதை வைத்தாலும் தலையைக் குனிந்து சாப்பிடுவார். "எப்படி இருக்கு?" என்றால் "ம்." கல்யாணமான முதல் நாளும் "ம்", மகள் வளர்ந்து தனிக்குடித்தனம் போன பிறகும் அதே "ம்". அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். "அடியில காந்தல் இருந்தா எனக்கு வை" என்று வேறு கேட்பார். நல்லதையெல்லாம் விட்டுவிட்டுத் தீய்ந்ததைக் கேட்கிறாரே, என்னைக் குத்திக்காட்டத்தானே என்று நொந்துபோவாள். "காந்தலாம் காந்தல்!" என்று முணுமுணுத்தபடி பாத்திரத்தில் தண்ணீரை ஊற்றி ஊறப்போட்டுவிடுவாள். வெளியாருக்காவது என் சமையல் வேண்டியிருக்கிறதே என்றுதான் அந்த வேலைக்கே போனாள்.

போன மழைக்காலத்தில் வந்த காய்ச்சல் அவளுடைய மூக்கையும் நாக்கையும் சேர்த்து வாரிக்கொண்டு போனது. காய்ச்சல் விட்டது, ருசி திரும்பவில்லை. எலுமிச்சையைக் கடித்தாள், காப்பித்தூளை அப்படியே வாயில் போட்டாள். மண்ணைத் தின்ற மாதிரிதான் இருந்தது. மருத்துவர், வந்தாலும் வரலாம் என்று கையை விரித்தார். பல நாட்டு வீட்டுச் சாப்பாடுகளைத் தொகுத்த பெரிய புத்தகம் ஒன்று அப்போது பாதி முடிந்திருந்தது. விஷயம் தெரிந்தால் வேலை போய்விடும். அது போய்விட்டால் நான் யார் என்ற கேள்விதான் அவளை அரித்தது.

"நான் தின்னு பாத்துச் சொல்றேன், நீ எழுது" என்றார் கணவர்.

"நீங்களா? முப்பது வருஷமா 'ம்'முக்கு மேல பேசாத வாயா?"

"இப்ப பேசுறேன்."

பேசவும் செய்தார். சமையலறை வாசலில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு அவள் போடுவதையெல்லாம் கண்கொட்டாமல் பார்ப்பார். பிறகு கிண்ணத்தை வாங்கி, "புளிப்பு கொஞ்சம் தூக்கல்," "பூண்டு முன்னாடி வருது" என்பார். அவள் எழுதிக்கொள்வாள். நாக்கு போனால் போகட்டும், புருஷன் வாய் திறந்தாரே என்று அவளுக்குக் கண் கலங்கும்.

புத்தகத்தின் கடைசிப் பண்டம், குளிர்நாட்டு வீடொன்றின் இனிப்பு. கோதுமையைப் பாலில் குழைய வேகவைத்து, பொடித்த சர்க்கரை கலக்க வேண்டும். அன்று மகளும் வந்திருந்தாள். அவர் கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, "இனிப்பு அளவா இருக்கு, திகட்டல" என்றார். மகள் ஒரு கரண்டி வாயில் வைத்தாள். வைத்த வேகத்தில் தொட்டிக்கு ஓடித் துப்பினாள்.

"யம்மா! என்னம்மா இது, கடலையே கரைச்சு ஊத்திட்டியா?"

சர்க்கரைப் பொடியும் தூள் உப்பும் ஒரே மாதிரி ஜாடியில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. உப்பு ஜாடிதான் பாதியாக இறங்கியிருந்தது. அவள் கணவரின் காலிக் கிண்ணத்தைப் பார்த்தாள்.

"ஏங்க, என் மேல பரிதாபப்பட்டு இம்புட்டு உப்பையும் முழுங்கினீங்களா?"

"உப்பா அது?" என்றார் அவர்.

அவர் நடிக்கவில்லை. மகள் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். செம்பு செம்பாகக் குடித்துவிட்டு அவர் தலையின் பின்பக்கத் தழும்பைத் தடவினார்.

"கல்யாணத்துக்கு முன்னாடி பஸ் மேல மூட்டை ஏத்தும்போது விழுந்தேன்ல, அப்பவே வாசனையும் போச்சு, ருசியும் போச்சு. மொத நாள் நீ சாப்பாட்ட வெச்சுட்டு என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு நின்ன. நல்லாருக்குன்னா பொய். தெரியலன்னா உன் மனசு ஒடைஞ்சிரும். அதான் 'ம்'னேன். அப்படியே காலம் ஓடிருச்சு."

"இப்ப மட்டும் பொய் எப்படி வந்துச்சு?"

"உனக்கும் போச்சுன்னப்ப, அது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்ல. வேலையும் போச்சுன்னா நீ தாங்க மாட்டேன்னு, என்ன போடுறேன்னு பாத்துப் பாத்துக் குத்துமதிப்பா சொன்னேன்."

"பாவி மனுஷா! ஒரு வார்த்தை... ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" அவள் அழுதாள். கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன. எந்தெந்த ஊரிலோ எவளோ ஒருத்தி, இந்தப் புத்தகத்தை நம்பித் தன் பிள்ளைகளுக்குச் சமைப்பாளே என்ற நினைப்பும் கூடவே வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு பதிப்பாசிரியருக்குத் தொலைபேசியில் எல்லாவற்றையும் சொன்னாள். "நல்லவேளை, இப்பவாவது சொன்னீங்க. காய்ச்சலுக்கு அப்புறம் செஞ்சதையெல்லாம் வேற ஆளவெச்சு மறுபடி சமைச்சுப் பாத்துக்கறோம். நீங்க உடம்பப் பாத்துக்கங்க" என்றார் அந்தம்மா. அதற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியாதா?

மகள் போன பிறகு அவள் கேட்டாள், "அப்ப அந்தக் காந்தல்?"

"கடிச்சா மொறுமொறுன்னு சத்தம் கேக்கும். சாப்பாட்டுல எனக்குத் தெரியிறது அது ஒண்ணுதான்."

சாயங்காலம் அவள் உலை வைத்தாள். சோறு வெந்த பிறகும் அடுப்பை அணைக்காமல் பக்கத்திலேயே நின்றாள். அடி நன்றாகப் பிடித்த பிறகு, கரண்டியால் சுரண்டி இரண்டு தட்டிலும் சமமாக வைத்தாள். இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். அவர் கடித்தார். அவளும் கடித்தாள். அந்தச் சத்தம் அவள் காதுக்குள் கேட்டது.

"எப்படி இருக்கு?" என்று அவர் கேட்டார். அந்த வீட்டில் அந்தக் கேள்வியை அவர் கேட்டது அதுதான் முதல்முறை.

"ம்" என்றாள் அவள்.