கன்னத்துக்குக் கொஞ்சம் மண்

மாடலாக உட்கார வேண்டிய பெரியவர் அன்றைக்கு வரவில்லை. களிமண் பிசைந்தாகிவிட்டது, மாணவர்கள் ஸ்டாண்டு முன்னால் காத்து நிற்கிறார்கள். கிளேர் மேடம் சுற்றுமுற்றும் பார்த்தார். என்னைப் பிடித்து ஸ்டூலில் உட்கார வைத்துவிட்டார்.

ஆனையூரில் அந்தக் கலைப் பள்ளியில் நான் மோல்டு எடுப்பவன், களிமண் உருவத்தின் மேல் பிளாஸ்டர் பூசி அச்சு எடுக்கிற வேலை. அதற்கு முன்பு கோரிப்பாளையம் பட்டறை ஒன்றில் தலைவர்கள் சிலைக்கு மோல்டு எடுத்தேன். மேடம் பிரான்ஸ்காரர். கொத்தனார் மகளாகப் பிறந்து, சிற்பியாகி, அங்கேயே முப்பது வருஷம் வாத்தியார் வேலையும் பார்த்து, ஓய்வுக்குப் பிறகு இங்கே சொல்லிக்கொடுக்க வந்தவர். சரியான கோபக்காரர். போனில் போட்டோவைப் பார்த்து எவனாவது தலை செய்தால் உள்ளே தாங்குகிற கம்பியோடு பிடுங்கிப் போட்டுவிடுவார்.

மூன்று நாள் உட்கார்ந்தேன். அவரும் என் தலையைச் செய்தார். அவ்வளவு நேரம் என் முகத்தை யாரும் பார்த்ததே இல்லை. வெட்கமாக இருந்தது, பிடித்தும் இருந்தது.

வீட்டில் உளறியதுதான் தப்பு. என் மனைவி பாண்டியம்மாளுக்கு முகமே கறுத்துப்போனது. எங்கள் பக்கம் செத்தவருக்குத்தான் சிலை. அதிலும் எனக்கு நெஞ்சு ஆபரேஷன் ஆகி ஒரு வருஷம்கூட முடியவில்லை, கேட்க வேண்டுமா? மறுநாள் என்னோடு பஸ் ஏறிவிட்டாள்.

"கும்பிட்டுக் கேக்குறேன் மேடம். எமன்கிட்ட இருந்து இழுத்துட்டு வந்த மனுசன். இதக் கலைச்சிருங்க" என்றாள்.

மாணவி ஒருத்தி அதை இங்கிலீஷில் சொன்னாள். மேடம் கத்தப்போகிறார் என்றுதான் நினைத்தேன். அவரோ மண் தலையை மூடியிருந்த ஈரத்துணியை எடுத்துவிட்டு, "நீங்களே கலைங்க" என்று தமிழிலேயே சொல்லி ஒதுங்கி நின்றார்.

பாண்டியம்மாள் கை வைத்தாள். புருவத்தின் மேல் சின்ன வயசில் மாடு முட்டிய தழும்பு. அதைத் தாண்டிக் கன்னக்குழிக்கு வந்த விரல் அங்கேயே நின்றுவிட்டது.

"இம்புட்டு மெலிஞ்சா போயிட்டீக?" என்று மண்ணைப் பார்த்துக் கேட்டாள். கூடவே இருந்தவளுக்கு அன்றுதான் தெரிந்தது. எனக்கும் கண் கலங்கிவிட்டது.

கலைக்கவில்லை. துணியை நனைத்து அவளே மூடினாள். "ஒடம்பு தேறட்டும். அப்பறம் கன்னத்த ரொப்பச் சொல்லுங்க" என்றாள் என்னிடம்.

மோல்டு எடுத்தால் மண் சிதைந்துவிடும், அப்புறம் திருத்த முடியாது; அதனால் எடுக்கவில்லை. மாதம் ஒருமுறை மேடம் என்னை உட்கார வைத்துக் கன்னத்தில் ஒரு துளி மண் அப்புவார். மோல்டு வேலைக்கு வரும் தம்பிகளுக்கு நான் சொல்வது இதுதான்: ஆள் எதிரில் இருக்கும்போது அவசரப்பட்டு மோல்டு எடுக்காதீர்கள், நன்றாகப் பாருங்கள்.

மேடம் ஊருக்குக் கிளம்பிய அன்று பாண்டியம்மாளை வரச் சொன்னார். கடைசி மண்ணை அவள் கையில் கொடுத்தார். என் முகத்தை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு, அவள்தான் அதை மண் கன்னத்தில் வைத்தாள்.