அழித்து வரைந்த கழுத்து

மூன்று வருடங்களுக்கு முன், மலேசியாவின் கேமரன் மலையில் நான் வேலை செய்யும் தேயிலைத் தோட்டத்தில் நடந்தது இது. என் மனைவியைத் தவிர யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை.

இங்கே இப்போது கொழுந்தைக் கையால் கிள்ளுவது குறைவு. மெஷின்தான். செடி வரிசைக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் அதைப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும். பின்னால் இன்னொருவர் பையைத் தாங்கி வருவார். எஞ்சின் போடும் சத்தத்தில் பேச்சுக்கே இடமில்லை. நில், தூக்கு, இறக்கு எல்லாம் கண்ஜாடைதான். அப்படிப் பதினோரு வருடம் எனக்கு எதிர்ப்பக்கம் பிடித்தவர் ஒரு அண்ணன். கூடப் பிறந்தவர் இல்லை, தோட்டத்துக் குடியிருப்பில் பக்கத்து லயத்துக்காரர். என் வீட்டாரைவிட அவர் முகத்தைத்தான் நான் அதிக நேரம் பார்த்திருப்பேன்.

நான் பேச்சு வராத ஆள். "சாமி ஒங்களுக்கு வாயக் குடுத்துச்சு, சாவியக் குடுக்கல" என்பாள் என் மனைவி. மனதில் கிடப்பதை இறக்கி வைக்க எனக்கு ஒரு படக் குறிப்பேடுதான் வழி. மகள் பள்ளியில் பாதி வரைந்துவிட்டு மிச்சம் வைத்த வரைபுத்தகத்தில் ஆரம்பித்தது அது. வேலை முடிந்து குளித்துவிட்டு, அன்று பார்த்ததில் ஏதாவது ஒன்றை ஒரு பக்கம் வரைவேன். ஓரத்தில் தேதி போடுவேன். பெரிய ஓவியன் எல்லாம் இல்லை. ஆனால் ஆளை வரைந்தால் ஆள் மாதிரியே இருக்கும். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

ஒருமுறை எங்களை வேலை வாங்கும் கங்காணியைத் தொப்பையோடு வரைந்திருந்தேன். யாரோ பார்த்து, லயம் முழுக்கச் சொல்லிச் சிரித்துவிட்டார்கள். அவர் ஒரு வாரம் எனக்கு முகம் கொடுக்கவில்லை. அன்றிலிருந்து ஆட்களை வரைந்தால் அழகாக்கித்தான் வரைவது என்று வைத்துக்கொண்டேன். பல் எடுப்பாக இருந்தால் வாயை மூடி வரைவேன். வழுக்கைக்கு ஒரு தொப்பி. எல்லாருக்கும் சந்தோஷம், எனக்கும் வம்பில்லை.

அண்ணனை அடிக்கடி வரைவேன். அந்த வருடம் அவருடைய கழுத்து மட்டும் எனக்குச் சரியாக வரவில்லை. வேலை நேரத்தில் குளிருக்குத் துண்டு சுற்றியிருப்பார். தேத்தண்ணிக்கு உட்காரும்போதுதான் அவிழ்ப்பார். அதை நினைவில் வைத்து வரைந்தால், வலது காதுக்குக் கீழே கொஞ்சம் தடித்து வரும். கை தவறிவிட்டது என்று ரப்பரால் தேய்த்துவிட்டுக் கோட்டை உள்ளே தள்ளிப் போடுவேன். சில வாரம் கழித்து வரைந்தால் மறுபடியும் அதே இடம். மறுபடியும் தேய்த்தேன். தவறு கையில் இல்லை என்று உள்ளுக்குள் தோன்றத்தான் செய்தது. நாளைக்குக் கேட்கலாம் என்று நினைப்பேன். காலையில் எஞ்சினைக் கிளப்பினால் அதோடு போச்சு.

ஒருநாள் தேத்தண்ணி நேரத்தில் அவருக்கு ரொட்டி தொண்டையில் இறங்கவில்லை. மூச்சு வாங்கி, கண்ணெல்லாம் சிவந்து, என் தோளைப் பிடித்துக்கொண்டார். தோட்டத்து லோரியிலேயே ரிங்லெட் கிளினிக்குக்குக் கொண்டுபோனோம். அங்கிருந்து ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். கெட்ட கட்டி என்றார்கள். ஆபரேஷன் முடிந்தது. உயிர் தப்பியது, ஆனால் குரல் போய்விட்டது.

மாற்றுத் துணி எடுக்க அண்ணி ஒருநாள் லயத்துக்கு வந்தார். "மாசக்கணக்கா வளந்துருக்காம் தம்பி. வீட்டுல யாருமே பாக்கலையான்னு டாக்டர் கேக்குறாரு. நான் என்னா சொல்லுவேன்?" என்று வாசலிலேயே நின்று அழுதார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

வீட்டுக்குள் போய்ப் புத்தகத்தைப் புரட்டினேன். நான்கு பக்கங்கள். நான்கிலும் வலது காதுக்குக் கீழே தாள் நைந்து, பழைய கோடு மங்கலாகத் தெரிந்தது. முதல் பக்கத்தின் தேதி ஐந்து மாதத்துக்கு முந்தியது. அவர் வீட்டில் யாரும் பார்க்காததை நான் பார்த்திருக்கிறேன். பார்த்து, அழித்திருக்கிறேன்.

அவர் வீடு திரும்பியதும் புத்தகத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். "போய்க் காட்டி என்னா ஆவப் போவுது? இருக்குற வேதன பத்தாதா அவருக்கு?" என்று மனைவி தடுத்தாள். அவள் சொன்னதும் நியாயம்தான். ஆனால் மறைத்துவைத்துக்கொண்டு அவர் முகத்தைப் பார்க்க என்னால் முடியாது.

அண்ணி குசினியில் சமைத்துக்கொண்டிருந்தார். அண்ணன் நான்கு பக்கங்களையும் நிதானமாகப் பார்த்தார். நைந்த இடத்தில் விரலை வைத்தார். பிறகு தேதியைப் பார்த்தார்.

"பாத்துருக்க," என்றார். காற்று மட்டும்தான் வந்தது. கிட்டப் போய்த்தான் கேட்க வேண்டியிருந்தது.

"ஆமாண்ணே."

"கேட்டுருக்கலாம் லா தம்பி."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் புத்தகத்தை மூடி என் மடியில் வைத்தார். "ஒங்க அண்ணிகிட்ட இதக் காட்டாத. எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு, எனக்குத்தான் தெரியலன்னு இன்னும் அழுவா," என்றார். அந்த நிலையிலும் அவருக்கு அண்ணியைப் பற்றித்தான் கவலை. நான் வெளியே வந்து, லயத்துக் குழாயடியில் முகத்தைக் கழுவுகிற சாக்கில் அழுதேன்.

அண்ணன் இப்போது நாற்றுப்பண்ணையில் லேசான வேலை பார்க்கிறார். பார்த்தால் சிரிப்பார். நான் இன்னும் தினமும் வரைகிறேன், தழும்பைத் தழும்பாகவே. மெஷினின் அந்தப் பக்கம் இப்போது வேறொருவர். அவர் முகம் ஒரு மாதிரி இருந்தால் எஞ்சினை நிறுத்திவிட்டு, "என்னா செய்யுது?" என்று கேட்டுவிடுகிறேன். "ஒண்ணுமில்ல லா, வேலையப் பாரு" என்று சிடுசிடுப்பார். கங்காணியும் கத்துவார். கத்தட்டும். பதினோரு வருடம் எதிரே நின்றவரிடம் கேட்காமல் விட்ட அந்த ஒரு கேள்வியை, இனி எத்தனை பேரிடம் எத்தனை முறை கேட்டாலும் அவரிடம் கேட்டதாகாது என்பது எனக்குத் தெரியும்.