ரோஸ்லின் அக்கா எண்ணெய் போட்ட கட்டைகள்

செய்தி வந்தபோது நான் கம்பெனி வேனில் பல்லடம் ரோட்டில் போய்க்கொண்டிருந்தேன். "ரோஸ்லின் அக்கா இன்று காலை காலமானார்" என்று நம் ரைஃபிள் கிளப் செயலாளர் செல்போனில் அனுப்பியிருந்தார். எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, கோபம். துப்பாக்கியின் மரத்தைத் துடைக்காமல் வைத்துவிட்டேன் என்று முந்தின ஞாயிற்றுக்கிழமைதான் எல்லார் முன்னாலும் என்னைத் திட்டிவிட்டுப் போனவர். பதிலை அடுத்த வாரம் சொல்லிக்கொள்ளலாம் என்று வைத்திருந்தேன்.

கிளப்பில் உள்ள உங்களுக்கு அவரைத் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகித் திருப்பூருக்கு வந்தவர். ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றில், வெளிநாட்டுக்காரன் கேட்ட நிறத்தோடு துணி ஒத்துப்போகிறதா என்று பார்த்துப் பாஸ் போடும் வேலை. ஆள் நெடுநெடுவென்று உயரம். ஞாயிற்றுக்கிழமை முதல் பூசை முடிந்து நேராக ரேஞ்சுக்கு வருவார். புடவையை மாற்றி டிராக் பேண்ட் போட்டுக்கொண்டு, குப்புறப் படுத்துக் குறி பார்க்க ஆரம்பித்தால் பக்கத்தில் பட்டாசு வெடித்தாலும் திரும்ப மாட்டார்.

நான் பொங்கலூர்க்காரி. ஆள் குட்டை. நான் சேர்ந்த காலத்திலும் சரி, இப்போதும் சரி, கிளப்பில் ஒரே ஒரு ரைஃபிள்தான். ராணுவத்தில் கழித்துவிட்டு, பயிற்சிக்காகச் சிறு தோட்டா போடும்படி மாற்றிய பழசு. மாநிலப் போட்டிக்கு நம் கிளப்பிலிருந்து ஒரு பெண்ணைத்தான் அனுப்ப முடியும். போக வேண்டும் என்று எனக்கு வெறி. ஆனால் துப்பாக்கியைத் தோளில் வைத்தால் விசைக்கு விரல் எட்டாது. கழுத்தை நீட்டி, கையை எக்கிச் சுட்டால் குண்டு எங்கெங்கோ போகும். ஒரு நாள் செயலாளர் பொறுமையாகத்தான் சொன்னார்: "ஏனுங்க சாந்தி, தப்பா நெனச்சுக்காதீங்க. இது உங்க ஒடம்புக்குச் சரிப்படாதுங்க. வேணும்னா கேரம் பக்கம் போய்ப் பாருங்க."

அக்கா எழுந்து வந்து துப்பாக்கியை வாங்கினார். தோளில் பதியும் பின்கட்டையின் மேல்பக்கத்தில் மரத்திலேயே ஓர் எழுத்து குத்தியிருந்தது. அதன் மேலிருந்த அழுக்கை நகத்தால் சுரண்டினார். ஆங்கில எல். "சார், இது எல் சைஸு. சிப்பாய்க்கு ஏத்த மாதிரி நீளம், குட்டைன்னு பண்ணியிருக்கான். எல் சைஸ் சட்டைய இவளுக்கு மாட்டிவிட்டுட்டு, இவ சரியில்லன்னு சொல்லுதீங்க." அங்கே இருந்த அத்தனை பேரும் பனியன் கம்பெனிக்காரர்கள். நாளெல்லாம் சைஸ் பார்த்துப் பிரித்து அடுக்குகிறவர்கள். இத்தனை வருஷமாக ஒருத்தர் கண்ணிலும் அது பட்டிருக்கவில்லை.

நானும் அக்காவும் கோவைக்குப் போனோம். அங்கே துப்பாக்கி பழுதுபார்க்கும் கடை ஒன்றின் மூலையில் பழைய கட்டைகள் குவிந்து கிடந்தன. குட்டை ஆளுக்கான எஸ் என்று குத்தியவை இரண்டு கிடைத்தன. ஒன்று தேன் நிறத்தில், பூப்பூவாக ரேகை ஓடி, பார்க்கவே அழகு. இன்னொன்று பிசுக்கேறி அடுப்புக்கட்டை மாதிரி கறுத்திருந்தது. நான் அழகானதைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். அக்கா அதில் கை பிடிக்கும் ஒடுக்கமான இடத்தைக் காட்டினார். ரேகை அங்கே குறுக்கே வெட்டிக்கொண்டு போயிற்று. "துணியில நூல் ஓடுற கிரெயின் பாக்காம வெட்டுனா என்ன ஆவும்? ரெண்டு தடவ தொவைச்சதும் தையல் முறுக்கிட்டு முன்னால வந்துரும். இது முறுக்காது, ஒடஞ்சுரும்." கறுப்புக் கட்டையில் ரேகை முனைக்கு முனை நேராக ஓடியது. அதையே எடுத்தோம். பஸ்ஸில் வரும்போது எனக்கு முகம் தொங்கிப்போயிருந்தது.

சுடும் பாகமெல்லாம் கிளப் பெட்டியில் பூட்டியிருக்க, மரத்தை மட்டும் அக்கா வீட்டு மொட்டை மாடிக்குக் கொண்டுபோனோம். சாக்பீஸ் மாவைக் குழைத்துப் பூசி, பனியன் வேஸ்ட் துணியைச் சுற்றி வெயிலில் வைத்தால் பழைய எண்ணெய் வியர்த்து வெளியே வரும். துணி பழுப்பானதும் மாற்றிச் சுற்ற வேண்டும். நசுங்கிய இடங்களில் ஈரத்துணியைப் போட்டு அதன் மேல் இஸ்திரிப் பெட்டியை வைத்தார். ஆவி குடித்த மரம் உப்பி எழுந்ததைப் பார்த்து நான் வாய்விட்டுச் சிரித்தேன். அவசரப்பட்டு உப்புத்தாளை எடுத்தபோது கையில் ஒன்று போட்டார். "தேச்சா எழுத்தும் போயிரும்ட்டி. அப்புறம் இது யாரு சைஸுன்னு எவனுக்குத் தெரியும்?" பிறகு ஆளிவிதை எண்ணெயை உள்ளங்கை சூடாகும்வரை தேய்ப்பது, காய விடுவது, மறுபடி தேய்ப்பது. வார்னிஷ் பேச்சை எடுக்கவே விடமாட்டார். "கல்யாணப் பொண்ணா இது, மினுக்கிட்டு நிக்க?"

அக்கா சறுக்கியதும் உண்டு. சொன்னால் கோபித்துக்கொள்ள இப்போது அவர் இல்லை. குழலை மேலே மூடியிருக்கும் மேல்கட்டைகள் வெளிறிய நிறம், பின்கட்டையோ கறுப்பு. நிறம் பார்த்தே சம்பளம் வாங்குகிறவருக்கு அது பொறுக்கவில்லை. சாயப்பட்டறையில் சொல்லிச் சாயம் கலக்கி வாங்கி மேல்கட்டைகளுக்கு ஏற்றினார். கம்பெனியில் துணி நிறம் பார்க்கும் விளக்குப் பெட்டிக்குள் வைத்து, ஒத்துப் பார்த்து, தானே பாஸ் போட்டார். ஞாயிற்றுக்கிழமை வெயிலில் எடுத்தால் பீட்ரூட் மாதிரி இருந்தது. "லைட் பாக்ஸையும் கையோட கொண்டு வந்திருக்கலாமுங்க" என்றார் செயலாளர். ரேஞ்சே சிரித்தது. அக்கா எடுத்துக்கொண்டு போய்ச் சாயத்தைச் சுரண்டி, இருந்த நிறத்துக்கே எண்ணெய் போட்டுக் கொண்டுவந்தார். "ரெண்டு மரம் ரெண்டு மரமாத்தான் இருக்கும். கெடக்கட்டும்."

எஸ் கட்டையை மாட்டியதும் துப்பாக்கி என் தோளில் தானாக வந்து உட்கார்ந்தது. ஆனால் கட்டையைக் கழற்றி மாட்டினால் குறி மாறிவிடும். போட்டி முடியும்வரை ஒன்றுதான் இருக்க முடியும். எல் கட்டை அக்காவின் உயரத்துக்கு அளவெடுத்த மாதிரி. போட்டிக்கு ஆள் எடுக்கும் தேர்வுக்கு அவரும் பெயர் கொடுத்திருந்தார். "அக்கா, உங்களுக்கு இது பத்தாதுங்களே" என்றேன். "எனக்குப் பத்தலன்னா மடங்கிக்கிடுவேன். ஒனக்கு எட்டலன்னா நீ என்ன செய்வ, நீளவா முடியும்?"

தேர்வு நாளில் அக்கா, எஸ் கட்டை குட்டையானதால் கட்டைவிரல் மூக்கில் இடிக்க, முழங்கையை ஒடுக்கிக்கொண்டு சுட்டார். நான் ஜெயித்தேன். அக்கா கை குலுக்கினார். பிறகு கொஞ்ச நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. எனக்கு அப்போது வருத்தமாக இருந்தது, பின்னால்தான் புரிந்தது. விட்டுக்கொடுத்துவிட்டுச் சிரித்துக்கொண்டு நிற்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். எனக்குத் தெரிந்து, வேண்டும் வேண்டும் என்று மனசு கிடந்து அடித்துக்கொள்ள, அப்படியும் கொடுத்தவர் இவர் ஒருத்தர்தான்.

அடக்கம் முடிந்து வீட்டில் உட்கார்ந்திருந்தபோது, அவர் கணவர் பனியன் துணியில் சுற்றிய ஒன்றைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். பிரித்தால் எல் கட்டை. ஒரு பள்ளம் இல்லை, பிசுக்கு இல்லை. எழுத்து மட்டும் தெளிவாக இருந்தது. "ஒங்ககிட்ட குடுக்கணும்னு அவ ஒண்ணும் சொல்லல. மாசாமாசம் எண்ணெ போட்டு வைப்பா. எதுக்குன்னு கேட்டா, இதுவும் ஒருத்தரு சைஸுதானேம்பா" என்றார். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

கிளப்பில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நர்ஸ் பெண்ணைப் பார்த்திருப்பீர்கள். அக்காவையே எட்டிப் பிடிக்கும் உயரம். எஸ் கட்டையில் மடங்கிக் கிடந்து, மூக்கில் இடி வாங்கிக்கொண்டு சுடுகிறாள். மாநிலப் போட்டிக்கு இந்த முறையும் ஒருத்திதான் போகலாம். செயலாளர் அவளிடம் கேரம் பேச்சை எடுப்பதற்குள் நான் முந்திக்கொள்கிறேன். வரும் ஞாயிற்றுக்கிழமை நீள ஸ்க்ரூ டிரைவரோடு வருவேன். எஸ் கட்டையைக் கழற்றிவிட்டு எல் கட்டையை மாட்டுவேன். தேர்வில் நானும் சுடுவேன், எட்டி எட்டித்தான். அவள் ஜெயித்தால் கை குலுக்குவேன். அதற்குப் பிறகு கொஞ்ச நாள் நான் யாரோடும் சரியாகப் பேசமாட்டேன். அக்காவிடமிருந்து எனக்கென்று வைத்துக்கொண்டது அது. பொறுத்துக்கொள்ளுங்கள்.