பச்சை மரத்தூள்

கேம்ப் ரோட்டில் மரக்கடையைத் தாண்டும்போது ஈர மரத்தூள் வாசம் வந்தால், சேலையூரில் ஏழாவது படித்தபோது நடந்த பள்ளிக் கண்காட்சிதான் ஞாபகம் வரும். சமூக அறிவியலுக்கு எங்கள் ஏரியா மேப் செய்தேன்; கடுகை ஒட்டி ரோடு, நீல பெயின்டில் ஏரி, சாயம் போட்ட மரத்தூளில் மரங்கள், எல்லாவற்றையும் ஒட்டிய மைதாப் பசை மட்டும் என் கிளாஸ் மலரின் அம்மா கட்டி தட்டாமல் கிளறிக் காய்ச்சிக் கொடுத்தது.

ஏரிக்கரையில் வரிசையாக இருந்த ஓலை வீடுகளில் ஒன்று அவர்களுடையது. தினமும் ஸ்கூல் விட்டதும் அங்கேதான் தண்ணீர் குடிப்பேன். ஆனால் மேப்பில் அந்த வரிசை முழுக்கப் பச்சைத் தூளைத் தூவி, அழகாக இருக்கட்டும் என்று பார்க் ஆக்கிவிட்டேன்.

முதல் பரிசு கிடைத்தது. மலர் மேப் மேல் விரலை ஓட்டித் தேடினாள்.

“எங்க வூடு எங்க கீது?”

“சார்ட்ல இடம் பத்தலடி” என்றேன்.

விரலில் ஒட்டிய பச்சைத் தூளைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு போய்விட்டாள்.

இப்போது அந்த ஏரிக்கரையில் அபார்ட்மென்ட். இடிக்கிற வண்டி வந்ததெல்லாம் அப்புறம்தான். அந்த வீட்டை முதலில் எடுத்தது நான், அவள் அம்மா காய்ச்சிய பசையை வைத்தே.